மணல்கடிகாரத்தோடு மல்லுக்கட்டிய அக்மல்

பேகம்பூர் அக்மலுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. சோறு தின்னும்போது கால் ஆடும், தூங்கும்போது கை ஆடும். தம்மில் இருக்கிற பிரியாணியை மூடி தூக்கிப் பார்த்துப் பார்த்தே பாழாக்கியதால், விசேஷ வீடுகளில் அவனை அடுப்புப் பக்கம் அண்ட விடமாட்டார்கள். பிளஸ் டூ கணக்குப் பரீட்சையில் பாதி நேரத்திலேயே தாளை நீட்டிவிட்டு வெளியே வந்தான். முடிவும் அதே வேகத்தில் வந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் அவனைத் தேடவில்லை, அவனும் பள்ளிக்கூடத்தைத் தேடவில்லை.

இப்படிப்பட்டவனுக்கும் கம்ப்யூட்டருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று கேட்டால், ஒத்துப்போகவே இல்லை. வந்த வினையே அதுதான். இரண்டாயிரத்தைத் தாண்டிய புதிதில் திண்டுக்கல் கடைகளுக்கு வந்து சேர்ந்த கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் சென்னையில் யாரோ உழைத்துக் களைத்துக் கைகழுவியவை. சுவிட்சைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய், டீ குடித்து, பேப்பர் படித்து, அரசியல் பேசித் திரும்பினாலும் திரையில் அந்தச் சின்ன மணல்கடிகாரம் நின்றுகொண்டிருக்கும். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். அக்மல் மட்டும் அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டான்.

"மனுசன நிக்க வச்சுட்டு இது பாட்டுக்கு மண்ணள்ளிக் கொட்டுதுடா!"

அந்த மணல்கடிகாரத்தோடு மல்லுக்கட்டித்தான் தொழிலைக் கற்றான். கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு ஒட்டி வரும் இலவச சி.டி.க்களைப் பழைய புத்தகக் கடையில் பொறுக்கினான். உள்ளே குட்டிக் குட்டி மென்பொருள்கள் இருந்தன. ஒன்று குப்பை கூட்டும், ஒன்று நினைவகத்தைத் துடைக்கும், ஒன்று மூலைக்கு மூலை சிதறிக் கிடக்கும் கோப்புகளை இழுத்து வரிசையில் உட்கார வைக்கும். கூட வரும் ஆங்கிலக் குறிப்புகளில் முதல் வரியை எழுத்துக் கூட்டிப் படிப்பான். இரண்டாவது வரிக்கு வருவதற்குள் கை பட்டனை அமுக்கியிருக்கும்.

கொஞ்ச நாளில் ஊரில் பெயர் பரவியது. மருந்துக்கடை, ஜவுளிக்கடை, டியூஷன் சென்டர் என்று கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்ததும் டாக்டர் மாதிரி ஆரம்பிப்பான். "அண்ணே, ஆன் பண்ணும்போதே பத்துப் பேரு கூட எந்திரிச்சா வண்டி எப்பிடி நகரும்? இந்தா, இவிங்கள எல்லாம் தூங்க விடுங்க. எதுக்கு இம்புட்டுப் பெரிய சுவிட்சர்லாந்துப் படம்? எடுங்க. குப்பைத் தொட்டின்னு ஒண்ணு இருக்கே, வாங்குன நாள்ல இருந்து அதக் கொட்டவே இல்லையா?" அவன் எழுந்து போகும்போது அந்தக் கிழட்டுப் பெட்டி உண்மையிலேயே ஓடும்.

ஓடும், ஆனால் ஏதாவது ஒரு குசும்பும் பண்ணியிருக்கும். மருந்துக்கடையில் திரையையே படம்பிடித்துப் பின்னணியில் ஒட்டிவிட்டு, நிஜச் சின்னங்களை ஒளித்துவிட்டான். பாவம், கடைக்காரர் அன்று முழுக்கப் படத்தைக் குத்திக்கொண்டிருந்தார். டியூஷன் சென்டரில் மவுஸின் வலதை இடதாக்கி, இடதை வலதாக்கினான். ஒட்டன்சத்திரத்தில் 'செண்பகம் காய்கறி மண்டி' மொக்கைச்சாமி, "தம்பி, கொஞ்சம் பாத்துப் பதமா தொடுங்க, எங்க ஊட்டுல இப்படித்தான் மிக்ஸியக் கெடுத்துட்டானுங்க" என்று வேலை முடியும்வரை தலைமாட்டிலேயே நின்று ஓதிக்கொண்டிருந்தார். எரிச்சலில் அவர் கம்ப்யூட்டரின் மெனு, தலைப்பு, சின்னப் பெயர் எல்லாவற்றுக்கும் ஒரு தமிழ் எழுத்துருவை மாட்டிவிட்டு வந்தான். அந்த எழுத்துருவின் பெயரும் செண்பகம். மண்டிப் பலகையைப் பார்த்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தான். அந்தக் காலத் தமிழ் எழுத்துரு ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் முகமூடி போட்டுக்கொண்டு நிற்கும். 'ஸ்டார்ட்' என்று இருந்த பட்டன் 'ளுவயசவ' ஆனது. அன்றிலிருந்து அக்மல் ஒட்டன்சத்திரம் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டர் அக்கா ஃபர்ஹீனுடையது. தெருவைப் பார்த்த முன்னறையில் டி.டி.பி. கடை வைத்திருந்தாள். அவள் தப்பான பட்டனைத் தட்டும்போதெல்லாம் 'டிங்' என்பதற்குப் பதிலாக, "அக்கோவ், தப்பு!" என்று அக்மலின் குரலே கத்தும்படி செய்து வைத்திருந்தான். "எடுத்துத் தொலைடா" என்று அவள் சொல்வாள். ஆனால் எப்படி எடுப்பது என்று அவளுக்கே தெரியும், எடுத்ததில்லை.

அந்த முன்னறைக்குத்தான் அப்போது ஆபத்து வந்திருந்தது. அப்பா முகமது பாரூக், பிள்ளைகளுக்கு அத்தா, தோல் வியாபாரி. பழைய கிடங்கில் இடம் போதவில்லை. "யாரும் வராத கடைக்கு எதுக்கும்மா வாசல் ரூமு? உப்புத்தோல அடுக்குனா நாலு லோடு நிக்கும்" என்றார். ஃபர்ஹீன் மன்றாடி ஒரு தவணை வாங்கினாள். கைக்கு வந்திருக்கும் புத்தக வேலையைச் சொன்ன நாளில் முடித்து, நாலு பேர் அதைப் பார்த்துத் தேடி வந்தால் அறை அவளுக்கு. சொதப்பினால் தோலுக்கு.

அது தவக்காலப் பாட்டுப் புத்தகம். கொண்டுவந்தவர் செபஸ்தியம்மாள் டீச்சர். கோயில் பாடகர் குழு அவர் கையில்தான் இருந்தது. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று பாடகர்கள் கையில் புத்தகம் இருந்தாக வேண்டும். பேகம்பூர் ராவுத்தர் வீட்டுப் பெண் சிலுவைப்பாதைப் பாட்டுகளை வாரக்கணக்காகத் தட்டச்சு செய்ததில், அவை அவள் வாயிலும் ஏறிவிட்டன. வெஞ்சனம் வதக்கும்போது முணுமுணுப்பாள். அம்மா கரண்டியோடு திரும்பிப் பார்த்தால் சட்டென்று நிறுத்துவாள். செத்த நேரத்தில் அடுத்த சரணம் தொடங்கிவிடும்.

புத்தகம் பெருகப் பெருக கம்ப்யூட்டர் முக்கி முனகியது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கம் போக மணல்கடிகாரம். ஃபர்ஹீன் கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்திருப்பாள். ஒருநாள் அவள் விரல் நுனிகளை மேசைக்கு அடியில் அழுத்தி அழுத்தி விட்டுக்கொள்வதை அக்மல் பார்த்துவிட்டான். அதைப் பற்றி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பாசம் என்று நினைத்துவிடுவார்கள்.

புத்தகத்தை பிரஸ்ஸில் கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் எல்லோரும் கொடைரோட்டுக்கு வலிமா கல்யாண விருந்துக்குப் போனார்கள். வயிற்று வலி என்று அக்மல் மட்டும் வீட்டில் தங்கினான். அக்கா திரும்பி வரும்போது கம்ப்யூட்டர் குதிரையாக இருக்க வேண்டும். இதுதான் திட்டம்.

சி.டி. குறிப்பொன்றின் முதல் வரி சொன்னது: எழுத்துருக்கள் அதிகமானால் கம்ப்யூட்டர் மந்தமாகும், வேண்டாததை நீக்கு. திறந்து பார்த்தான். அக்கா கண்ட கண்ட இடத்திலெல்லாம் வாங்கி நூற்றுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தாள். எது வேண்டும், எது வேண்டாம்? அவன் ஒன்றும் மூடனல்ல. பாட்டுப் புத்தகக் கோப்பைத் திறந்தான். தலைப்பில் எந்த எழுத்துரு என்று பார்த்தான். கொடியும் பூவுமாக வளைந்த அலங்கார எழுத்து. அதை மட்டும் பத்திரமாக விட்டுவிட்டு மற்ற தமிழ் எழுத்துருக்களை மொத்தமாக அள்ளி அழித்தான். குப்பைத் தொட்டியையும் கொட்டினான். கடைசியாக, சிதறியதை அடுக்கும் மென்பொருளை ஓட்டி, காலியான இடத்தையெல்லாம் இழுத்து நிரப்பினான். புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தை மட்டும் அவன் பார்க்கவில்லை.

மறுநாள் காலை செபஸ்தியம்மாள் டீச்சர் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வந்தார். முதல் நாள் பயிற்சியில் பாடிப் பாடித் தொண்டை கட்டியிருந்தது. ஃபர்ஹீன் சுவிட்சைப் போட்டாள். கம்ப்யூட்டர் பட்டென்று விழித்துக்கொண்டது. அவள் புருவம் உயர்ந்தது. வாசல் நிலையில் சாய்ந்து நின்ற அக்மல் கூரையைப் பார்த்தபடி விசில் அடித்தான்.

முதல் பக்கம் அழகாக வந்தது. அடுத்த பக்கத்தில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து, கோழி கிளறிய குப்பையாகக் கிடந்தது. அதற்கடுத்த பக்கமும் அப்படியே. கடைசிப் பக்கம்வரை அப்படியே. ஃபர்ஹீன் பதறி எதை எதையோ தட்ட, கம்ப்யூட்டர் உற்சாகமாகக் கத்தியது: "அக்கோவ், தப்பு! அக்கோவ், தப்பு!"

"என்னடா பண்ணுன?" என்றாள்.

"ஸ்பீடு பண்ணுனேன்."

"செண்பகம் எங்கடா? புத்தகம் முழுக்க அதுலதான்டா அடிச்சிருக்கேன்!"

அக்மலின் விசில் நின்றது. டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். பள்ளியில் ஒரு வருஷம் அவனைக் கட்டி மேய்த்தவர். "ஏலே அக்மலு," என்றார் கரகரத்த குரலில், "அன்னைக்கும் நீ கேள்வித்தாள்ல முத பக்கத்த மட்டுந்தானே படிச்ச?"

மீதம் இருந்த அலங்கார எழுத்துருவை மாட்டிப் பார்த்தார்கள். குப்பை வேறு குப்பையானது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அதன் அடுக்கே வேறு. ஒரு பூட்டின் சாவி இன்னொரு பூட்டுக்குச் சேராது என்பதைத் திண்டுக்கல்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செண்பகம் வந்த மூல பிளாப்பியைத் தேடி எடுத்துப் போட்டார்கள். பூஞ்சை பிடித்திருந்தது. அதைச் செய்து விற்ற மதுரைக்காரர் துபாய் போய்விட்டார். அழித்ததை மீட்கும் மென்பொருளும் அக்மலிடம் இருந்தது. ஆனால் மீட்க ஒன்றும் மிஞ்சாதபடி அடுக்கி வைத்ததும் அதே அக்மல்தான்.

அத்தா சத்தம் கேட்டு வந்தார். அறையின் நீள அகலத்தைக் கண்ணால் அளந்துவிட்டு நின்றார். அந்தப் பார்வைதான் அக்மலைக் குத்தியது. அக்கா அவனைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நக்கலடித்துத் தப்பித்திருப்பான்.

செண்பகம்... செண்பகம்... ஒட்டன்சத்திரத்து மண்டிப் பலகை கண்முன் வந்தது. அங்கே மாட்டிவிட்டதும் அக்காவிடம் எடுத்துப்போன இதே எழுத்துருதான்.

"அக்கா, செத்த இரு. சாயங்காலம் பிரஸ் மூடுறதுக்குள்ள வாரேன்!"

"எங்கடா போற?"

"அடி வாங்கப் போறேன்!"

ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் சீட் இருந்தும் அவன் உட்காரவில்லை. படிக்கட்டுக்கும் டிரைவருக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தான். "நீ நடக்குறதுக்குத் தனி டிக்கெட்டு போடவா?" என்றார் கண்டக்டர். சட்டைப் பையில் ஒரு காலி பிளாப்பி. மண்டியில் அந்த எழுத்துருவைத் தூக்கியிருந்தால்? யாராவது விவரமானவன் வந்து சரிசெய்திருந்தால்? தன் குசும்பை எவனும் கண்டுபிடித்திருக்கக் கூடாதே என்று அல்லாவிடம் வேண்டிக்கொண்டான். அதற்கு முன்பெல்லாம், பண்ணிய குசும்பு சீக்கிரம் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்றுதான் வேண்டுவான்.

மார்க்கெட் தெருவில் கேரளாவுக்குப் போகும் லாரிகள் மூக்கோடு மூக்கு உரசி நின்றன. முருங்கைக்கட்டுகளைத் தாண்டி உள்ளே போனான். மொக்கைச்சாமி அவனைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஏனுங்க தம்பி! வாங்க, வாங்க. எங்க போனீங்க இத்தன நாளா? உக்காருங்க."

இவ்வளவு மரியாதை எதில் போய் முடியும் என்று தெரியாமல், ஓடுவதற்குத் தோதாக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"நீங்க போன அன்னிக்கு இந்தக் கம்ப்யூட்டரு தமிழுக்கு மாறிருச்சுங்க. மொதல்ல கண்ணக் கட்டுச்சு. உங்களக் கையில கெடச்சா முருங்கக்காயில வெளுக்கலாம்னு இருந்தேன். அப்பறம் பாருங்க, நம்ம கருப்புசாமி இங்கிலீஷுன்னா மெரளுவான். இது தமிழெழுத்தா இருக்கவும் பட்டுனு புடிச்சுட்டானுங்க. பக்கத்து மண்டிக்காரனெல்லாம் வந்து வேடிக்க பாக்குறான். ஒட்டன்சத்திரத்துலயே தமிழ்க் கம்ப்யூட்டரு நம்மகிட்டத்தான்!"

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த கருப்புசாமி பெருமையோடு திரும்பினான். "ளுவயசவ அமுக்கினா ஆரம்பிக்குமுங்க. ளுயஎந அமுக்கினா சேத்து வெச்சுக்கும். ஊடழளந அமுக்கினா மூடிக்கும். பழகிட்டா ஒண்ணுமில்லீங்க."

அக்மல் வாழ்நாளில் முதல் தடவையாகச் சிரிப்பை அடக்கப் பாடுபட்டான். பிறகு விஷயத்தைச் சொன்னான். முழுவதும் சொன்னான். அக்கா, புத்தகம், முன்னறை, தோல். மொக்கைச்சாமி கேட்டுக்கொண்டார்.

"தாராளமா எடுத்துக்கங்க. ஆனா ரெண்டு விசயமுங்க. லாரி நிக்குது, சரக்குச் சீட்டெல்லாம் அடிச்சு முடியட்டும். அப்பறம், நீங்க கம்ப்யூட்டரத் தொடக்கூடாது. நீங்க தொட்டா மறுக்கா எந்த பாஷைக்குப் போகுமோ! கருப்புசாமி செய்வான், நீங்க வாயில சொல்லுங்க."

அங்கேதான் அக்மலுக்குத் தண்டனை தொடங்கியது. அவன் வேகப்படுத்தி விட்டுப்போன பெட்டி பழைய நிலைக்கே திரும்பியிருந்தது. திரையில் பழனி மலை முழு அளவில் நின்றது. அதன் மேல் ஒரு குட்டிப் பொம்மை இடைவிடாமல் ஆடிக்கொண்டிருந்தது. மூலையில் எவை எவையோ வரிசையாக விழித்திருந்தன. கருப்புசாமி ஒற்றை விரலால் ஓர் எழுத்தைத் தேடி, கண்டுபிடித்து, குத்துவான். மணல்கடிகாரம் வரும். போகும். இன்னொரு குத்து. மறுபடி மணல்கடிகாரம். பிரிண்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக இழுக்கும். அக்மலின் கைகள் தாமாக எழுந்தன. தொடைக்கு அடியில் சொருகி அவற்றின் மேல் உட்கார்ந்தான்.

"அண்ணே, அந்தப் பொம்மைய மட்டும் நிறுத்துங்களேன்."

"அது ஆடுனா எம்பட மவ சிரிக்குமுங்க. சாயங்காலம் வரும்."

வெளியே லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். உள்ளே மணல் கொட்டியது. அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. இதே மணலை ஃபர்ஹீன் வாரக்கணக்காகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் கைவைத்து, ஒரு சொல் சொல்லாமல். அவனால் ஒரு லாரிச் சீட்டுக்குத் தாங்க முடியவில்லை.

ஒரு வழியாகச் சீட்டுகள் முடிந்தன. கருப்புசாமி பிளாப்பியைப் போட்டான். எழுத்துருக்கள் இருக்கும் இடத்தைத் திறக்க வைப்பதற்குள் அக்மலுக்கு நாக்கு வறண்டது. "'ளு'வுல ஆரம்பிக்குதே, அந்த மூணாவது... இல்லண்ணே, மேல... மேல... தாண்டிட்டீங்க..." கடைசியில் திறந்தது. அங்கேயும் பெயர்கள் எல்லாம் அவன் போட்ட முகமூடியோடு நின்றன. எது செண்பகம் என்று யாருக்குத் தெரியும்?

பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் செய்யாத வேலையை அன்று செய்தான். நிதானமாக யோசித்தான். ஸ்டார்ட் 'ளு'வில் தொடங்கினால் செண்பகமும் 'ளு'வில்தானே தொடங்க வேண்டும்? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே முதலெழுத்து.

"அண்ணே, 'ளு'வுல ஆரம்பிக்கிறத எல்லாம் ஒண்ணு விடாம பிளாப்பிக்கு இழுத்து விடுங்க. மெதுவா. அவசரமே இல்ல."

அவசரமே இல்லை என்ற சொல் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவனே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

திரும்பும் பஸ் ரயில்வே கேட்டில் நின்றது. இறங்கி ஓடலாமா என்று பார்த்தான். ஓடவில்லை, பிளாப்பியை வெயில் படாமல் சட்டைக்குள் பனியனோடு அணைத்து உட்கார்ந்திருந்தான். கால் மட்டும் ஆடியது. அதை நிறுத்த யாராலும் முடியாது.

சாயங்காலத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லும்போது தெருவுக்குள் நுழைந்தான். முன்னறையில் தோல் அடுக்கத் தொடங்கியிருப்பார்கள் என்ற பயத்தோடு எட்டிப் பார்த்தவன், நிலையிலேயே நின்றுவிட்டான்.

ஃபர்ஹீன் மீதமிருந்த அந்தக் கொடிப்பூ எழுத்துருவிலேயே முதலிலிருந்து மறுபடி அடித்துக்கொண்டிருந்தாள். தொண்டை சுத்தமாக அடைத்துப்போன செபஸ்தியம்மாள் டீச்சர் சைகையால் திருத்திக்கொண்டிருந்தார். டீச்சரின் கையெழுத்துத் தாளைத் தன் மூக்குக்கண்ணாடிக்கு அருகில் பிடித்து, ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தவர் அத்தா.

"'முள்ளின் மேல் நடந்த பாதம்'... போட்டியாம்மா? அடுத்தது, 'மூன்றாம் முறை விழுந்த நேரம்'... யா அல்லா, மூணு தடவையா விழுந்தாரு? போடு, போடு."

டீச்சர் சிரிப்பும் கண்ணீருமாகத் தலையை ஆட்டினார். அச்சடித்துக் கிடந்த பக்கங்களில் சிலுவைப்பாதை கல்யாணப் பத்திரிகை மாதிரி பூத்துக் குலுங்கியது.

அக்மல் பிளாப்பியை நீட்டினான். ஃபர்ஹீன் அதைச் செருகினாள். 'ளு' கூட்டத்தில் செண்பகம் இருந்தது. அதை ஏற்றிவிட்டுப் பழைய கோப்பைத் திறந்தாள். இரண்டாம் பக்கத்தில் கோழி கிளறிய குப்பை ஒரு நொடி நடுங்கியது. பிறகு தமிழாக எழுந்து நின்றது. யாரும் கைதட்டவில்லை. ஃபர்ஹீன் விடுவிடுவென்று கடைசிப் பக்கம்வரை போய்ப் பார்த்தாள். அக்மலும் கூடவே பார்த்தான், ஒரு பக்கம் விடாமல்.

பிரஸ் மூடுவதற்கு முன் தாள்கள் போய்ச் சேர்ந்தன. புதன்கிழமை கோயிலில் புத்தகம் விரிந்தது. அடுத்த வாரம் பக்கத்துப் பங்குக் கோயிலிலிருந்து இரண்டு பேர் வழி கேட்டு வந்தபோது, "இந்தா, இந்த வாசல்தான்" என்று காட்டியது அத்தாதான். தோலுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ஒரு மத்தியானம் ஃபர்ஹீன் சாப்பிடப் போயிருந்தபோது அக்மல் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தான். சுவிட்சைப் போட்டான். திரை ஒரு கட்டத்தைக் காட்டி நின்றது: கடவுச்சொல். அக்கா அவனுக்காகவே போட்ட பூட்டு.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கம்ப்யூட்டரின் கடவுச்சொல்லைப் போல ஏமாளிப் பூட்டு உலகத்தில் இல்லை. விசைப்பலகையின் இடது மூலையில் இருக்கும் எஸ்கேப் பட்டனை ஒரு தட்டு தட்டினால், வாங்க என்று கதவைத் திறந்துவிடும். ஊரில் எத்தனை பேருக்கு அதைச் செய்து காட்டியிருக்கிறான்.

விரல் அந்தப் பட்டனுக்கு மேல் போய் நின்றது. கால் ஆடியது. உள்ளே அடுக்களையில் அக்கா புதுப் பாட்டொன்றை முணுமுணுப்பது கேட்டது. அவளுக்கு இந்த வித்தை தெரியாமலா இருக்கும்?

விரலை எடுத்துவிட்டான். சோற்றுக் கையோடு அவள் வரும்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான்.